ஏரிக்கரைக்கு நான்கு நட்சத்திரம்

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
3 ஜூன் 2024

அன்டன்,

இது சமாதானக் கடிதம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினொரு மாதமாக உன்னோடு கதைக்காமல் இருந்தேன், இப்போதும் கதைக்க விருப்பமில்லை. ஆனால் உன்னிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. போனில் கேட்டால் என் குரல் எங்கே போய் நிற்குமோ தெரியாது.

உன் அத்தான் திரும்பவும் ஒரு மோட்டர்ஹோமை, படுக்கையும் அடுப்பும் உள்ள அந்த வண்டியை, வாடகைக்குப் பிடித்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. ஜூலை முதலாம் திகதி, மொன்றியல் முழுக்க வீடு மாறுகிற அன்றைக்கு, நாங்கள் காஸ்பே பக்கம் வெளிக்கிடுகிறோமாம். நான் சத்தம் போட்டேன். அவர் மூக்கில் குழாயோடு கதிரையில் இருந்தபடி சொல்கிறார்: “இருபத்தாறு வருசம் அந்தக் கடலுக்குப் பக்கத்தால லொறி ஓட்டியிருக்கிறன் எலிசா. ஒருநாளும் இறங்கி நிண்டு பாக்கேல்ல. பெர்சேயில நாலு நாள் நிக்கவேணும். அவ்வளவுதான்.”

நுரையீரல் டொக்டரிடம் போனேன், அவராவது தடுப்பார் என்று. அவர் இந்தக் கோடை போகலாம் என்கிறார். அடுத்த கோடையைப் பற்றிக் கேட்டேன். கொம்பியூட்டரைப் பார்த்தபடி, அதை இப்போது கதைக்கத் தேவையில்லை என்றார்.

போன ஜூலையை நான் மறக்கவில்லை. நீ வேலை செய்யும் காம்பிங் கையேட்டுக்காக நீ போய்ப் பார்த்து நான்கு நட்சத்திரம் கொடுத்த இடம் என்றுதான், வண்டி நிறுத்தித் தங்குகிற அந்த ஏரிக்கரைக் காம்பிங்குக்குப் போனோம். பின்னேரம் நாலு மணிக்குக் கரண்ட் விழுந்து ஒட்சிசன் இயந்திரம் நின்றுவிட்டது. நான் உடுப்புத் தோய்க்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவருடைய உதடு நீலம். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. அங்கே உன்னை நான் ஏசியது எல்லாம் நினைவிருக்கிறது, ஒரு சொல்லையும் திருப்பி எடுக்கவில்லை.

கேள்வி இதுதான். எந்தக் காம்பிங்கில் கரண்ட் நிற்காது? அதை மட்டும் எழுது.

எலிசா


புரோசார்ட்
8 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

உறையில் உங்கள் கையெழுத்தைக் கண்டதும் அத்தானுக்கு ஏதோ நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று பிரித்தேன். அவர் கதிரையில் இருந்து உங்களோடு சண்டை பிடிக்கிறார் என்று வாசித்த பிறகுதான் வீட்டுக்குள் போனேன்.

கரண்ட் நிற்காத காம்பிங் என்று ஒன்று இல்லை, அக்கா. அதனால் ஒரு வரியில் பதில் எழுத முடியவில்லை. கோபப்படாமல் கடைசி வரை வாசியுங்கள்.

ஓர் இடத்தில் என்னென்ன வசதி இருக்கிறது என்று எண்ணிப் போடுவதுதான் நட்சத்திரம். எங்களுக்கு ஒரு படிவம் தருவார்கள். நீச்சல் குளம் உண்டா, எத்தனை வண்டிக்கு ஒரு குளிப்பறை, தோய்க்கும் இயந்திரம் எத்தனை, பிள்ளைகளுக்கு ஊஞ்சல் இருக்கிறதா, பாதையில் விளக்கு எரிகிறதா. ஒவ்வொன்றுக்கும் புள்ளி. குளம் ஒன்று இருந்தாலே ஏறக்குறைய அரை நட்சத்திரம் கூடிவிடும். மின்சாரத்துக்கு ஒரே ஒரு வரி: முப்பது அம்பியர் இணைப்பு உண்டா, இல்லையா.

அந்த ஏரிக்கரைக்கு நான் போனது மே மாதம். மூன்று வண்டிதான் நின்றன. மின்தூணில் மானியைச் செருகினேன், 119 வோல்ட் காட்டியது. நல்ல கரண்ட். உண்டு என்று அடையாளம் போட்டேன். நீங்கள் போனது ஜூலைச் சனிக்கிழமை. நூற்றி நாற்பது வண்டி, எல்லாவற்றிலும் ஏசி. பழைய கேபிளின் கடைசியில் நிற்பவனுக்கு அந்த நேரம் நூறு வோல்ட்டும் வந்திருக்காது. 104க்குக் கீழே போனால் வண்டியின் பாதுகாப்புக் கருவி தானாகவே கரண்டை வெட்டிவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

இனி எப்படித் தெரிவு செய்வது என்று சொல்கிறேன். இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதை வாசிக்காதீர்கள். போன ஜூலை, ஆகஸ்டில் ஒன்றும் இரண்டும் போட்டவர்களை வாசியுங்கள். குளிப்பறை ஊத்தை என்று திட்டியிருந்தால் விடுங்கள். ‘பான்’ என்ற பிரெஞ்சுச் சொல் வந்தால், அதாவது கரண்ட் போனது என்று இருந்தால், அந்த இடம் வேண்டாம். பிறகு நீங்களே போன் எடுங்கள். கேபிள் எப்போது மாற்றியது, ஒரு லைனில் எத்தனை வண்டி, சொந்தக்காரர் அங்கேயே குடியிருக்கிறாரா என்று கேளுங்கள். ஒட்சிசன் இயந்திரம் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். பிரச்சினையே இல்லை என்று உடனே சொல்பவரை நம்ப வேண்டாம். யோசித்து, திருப்பி உங்களிடம் கேள்வி கேட்பவரை நம்பலாம்.

அத்தானுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். சொல்ல மனமில்லை என்றால் விடுங்கள்.

அன்டன்


டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
13 ஜூன் 2024

அன்டன்,

மூன்று வண்டி நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு நான்கு நட்சத்திரம். அதை இவ்வளவு அமைதியாக எழுத உனக்கு எப்படி முடிந்தது? வாசித்துவிட்டுக் கடிதத்தைக் கசக்கினேன். பிறகு விரித்து, கேட்க வேண்டிய கேள்விகளை வேறு கடதாசியில் எழுதி எடுத்தேன். எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஆறு இடத்துக்கு போன் எடுத்தேன். என் பிரெஞ்சு உனக்குத் தெரியும்தானே, டெப்பனேர் கடையில் பால் வாங்க மட்டும் காணும். ஐந்து பேர் ‘பா த ப்ரொப்ளேம், மடாம்’, பிரச்சினை இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார்கள். ஆறாவது ஆள் காஸ்பே போகிற வழியில் மத்தான் என்ற ஊருக்குப் பக்கத்தில் காம்பிங் வைத்திருக்கும் ஹென்றி என்ற கிழவர். அவர் பத்து நிமிடம் தன்னுடைய கேபிளைப் பற்றியே கதைத்தார். பாதி விளங்கவில்லை. இயந்திரம் எத்தனை வாட் என்று கேட்டார். எனக்குத் தெரியாது. போய்ப் பார்த்து வரும் வரைக்கும் போனை வைக்காமல் நின்றார்.

ஆனால் உன் கையேட்டில் அந்த இடத்துக்கு இரண்டு நட்சத்திரம்தான். குளம் இல்லை, கடை இல்லை, குளிப்பறை நாலே நாலு. நான்கு நட்சத்திரம் என்னை ஏமாற்றியது. இரண்டை எப்படி நம்புவது?

எனக்கு நித்திரை சரியில்லை. நேற்றுக் குசினியில் ஒட்சிசன் சிலிண்டர் மாற்றிப் பழகினேன். இயந்திரம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு, குழாயைக் கழற்றி, சிலிண்டரின் வாயைத் திறந்து, திரும்பவும் கொழுவ வேண்டும். சி.எல்.எஸ்.சி. சுகாதார நிலையத் தாதி ஒரு நிமிடத்தில் செய்வாள். எனக்கு நாலு நிமிடம் போனது. உன் அத்தான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பறவாயில்ல, நாலு நிமிசம் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன்” என்று சிரிக்கிறார். சிலிண்டர் சாவியை மேசையில் அடித்துவிட்டு அறைக்குள் போய்விட்டேன்.

ஹென்றியின் இடத்தைப் போய்ப் பார் என்று உன்னை நான் கேட்கவில்லை.

எலிசா


புரோசார்ட்
24 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

நீங்கள் கேட்கவில்லை. நானாகத்தான் போனேன்.

சென் ஜோன் விடுமுறைக்குக் காம்பிங் எல்லாம் நிரம்பும் என்பதால் இந்தச் சனிக்கிழமையைத் தேர்ந்தேன். நிரம்பி வழியும்போதுதான் ஓர் இடத்தின் குணம் தெரியும். போகிற வழியில் நீங்கள் தங்கக்கூடிய மூன்று இடங்களில் மானியைச் செருகிப் பார்த்தேன். கியூபெக் நகரத்துக்கு இந்தப் பக்கம் ஐந்து நட்சத்திரத்தோடு ஒரு பெரிய இடம் இருக்கிறது. தண்ணீர்ச் சறுக்கலும் இசைமேடையும் வைத்திருக்கிறார்கள். காலை பத்து மணிக்கே 103. அங்கே போகாதீர்கள். மற்ற இரண்டும் பறவாயில்லை, விலாசம் தனியே எழுதி வைத்திருக்கிறேன்.

ஹென்றியின் இடத்துக்கு மாலை ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். நாற்பத்திரண்டு வண்டி, ஒரு மூலையும் காலியில்லை. கடைசித் தூணில் 114, மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள ஏழாம் இடத்தில் 118. நான் தூண் தூணாகக் குனிவதைப் பார்த்துவிட்டுக் கிழவர் வந்து யார் நீ என்று கேட்டார். எலிசா என்ற மடாமின் தம்பி என்றேன். “ஓ, ஒட்சிசன் மடாம்!” என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஏழாம் இடத்தை உங்களுக்கு என்று எழுதி வைத்திருக்கிறார். ஒரு ஜெனரேற்றரும் இருக்கிறது. எனக்கு முன்னாலேயே இழுத்து ஓட்டிக் காட்டினார். அங்கிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் காரில் போய்ப் பார்த்தேன், பதினேழு நிமிடம்.

இந்தப் பெட்டியில் மானியை வைத்திருக்கிறேன். எனக்கு இனி அது தேவையில்லை. கையேட்டு வேலையை நான் போன செப்டெம்பரில் விட்டுவிட்டேன். இப்போது ஒரு வெயர்ஹவுசில் இரவு பகல் மாறி மாறி வேலை. சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, ஆனால் மானி உங்களிடம் வந்தால் ஏன் என்று கேட்பீர்கள்.

அன்டன்


டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
29 ஜூன் 2024

அன்டன்,

பெட்டி வந்தது. நன்றி என்று எழுதி வெட்டியிருக்கிறேன், மேலே பார்த்திருப்பாய். அது கிடக்கட்டும்.

எட்டு வருடம் செய்த வேலையை ஏன் விட்டாய்? நான் ஆஸ்பத்திரியில் சொன்னதற்காகவா? நான் உன்னை ஏசினேனே தவிர, வேலையை விடு என்று சொல்லவில்லை.

திங்கள் காலை வெளிக்கிடுகிறோம். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, அவர் ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று தாதி சொல்லியிருக்கிறாள். நாலு சிலிண்டர் எடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் பார்த்துவிட்டேன். இப்போது எழும்பிப் போய் மூன்றாம் தரம் பார்க்கப் போகிறேன்.

பின்னால் வந்துவிடாதே. வருவாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன். ஏதும் எழுத வேண்டுமென்றால் ஹென்றியின் விலாசத்துக்கு எழுது.

எலிசா


மத்தான்
9 ஜூலை 2024

தம்பி,

நாங்கள் வந்து ஆறு நாளாகிறது. அத்தான் இருக்கிறார், இயந்திரம் ஓடுகிறது. முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றதை எழுதுகிறேன். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது.

முதல் மூன்று நாளும் நான் மனிசியாக இருக்கவில்லை. மணிக்கு ஒருதரம் உன் மானியைப் பார்ப்பேன். 118, 117, 118. அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார், நான் இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். குளிப்பறைக்குப் போனாலும் கதவைச் சாத்தியதும் இயந்திரம் நின்றுவிட்டது போல இருக்கும். தலைமயிரில் சவர்க்காரத்தோடு ஒருநாள் ஓடி வந்தேன்.

சனிக்கிழமை காலை ஹென்றி வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அத்தானோடு நீளமாகக் கதைத்தார். எனக்கு ‘நாளைக்கு’ என்பதும் ‘கரண்ட்’ என்பதும் மட்டும்தான் விளங்கியது. கிழவர் போனதும், “என்னவாம்?” என்று கேட்டேன்.

“நாளைக்கு ஒரு மணியிலயிருந்து மூண்டு மணி மட்டும் லைன் திருத்த வருகினமாம். கரண்ட் வெட்டுவினம். தன்ர ஜெனரேற்றர்ல இருந்து எங்களுக்கு மட்டும் தனியா வயர் இழுத்துத் தாறாராம். பன்னிரண்டரைக்கே வந்து பூட்டுவாராம்.”

“வேற என்ன சொன்னவர்? எல்லாத்தையும் சொல்லுங்கோ.”

“அவ்வளவுதான் எலிசா. ஒண்டையும் மறைக்கேல்ல.”

சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். முப்பத்தொரு வருடத்தில் அவர் அழுது நான் கண்டதில்லை, அவருடைய தாய் செத்தபோதும். மூச்சுத் திணறப்போகிறதே என்று முதுகைத் தடவினேன். என் கையைத் தள்ளிவிட்டார்.

“போன வருசம் மறைச்சனான்” என்றார். “ஏரிக்கரையில. அண்டைக்குக் காலமை அந்தக் காம்பிங் மனிசி வந்து சொன்னவ. இந்த வரிசையில பின்னேரத்தில கரண்ட் காணாது முசியே, மேல் வரிசையில ஒரு இடம் இருக்கு, மாறுங்கோ எண்டு. நான் மெர்சி, நன்றி எண்டிட்டு விட்டிட்டன். மேல் வரிசை றோட்டுக்கரை. அங்கயிருந்து ஏரி தெரியாது. நீ மாறுவம் எண்டு நிப்பாய் எண்டு உனக்குச் சொல்லேல்ல.”

மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தார்.

“ஆஸ்பத்திரியில நீ அன்டனை ஏசினது எனக்குக் கேட்டது. கதவு திறந்துதான் கிடந்தது. பேந்து சொல்லுவம், பேந்து சொல்லுவம் எண்டு ஒரு வருசம் போட்டுது.”

தம்பி, நான் வெளியே போய்க் கடற்கரைக் கல்லில் இருந்தேன். இந்த மனிதனை இங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட வேண்டும் என்று நினைத்தேன். உண்மையாகத்தான் நினைத்தேன். பத்து நிமிடம் கூட இருக்க முடியவில்லை. இயந்திரச் சத்தம் கேட்கவில்லை என்று எழும்பி ஓடி வந்தேன். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த நாள் ஹென்றி சொன்ன நேரத்துக்கு வந்து வயரைப் பூட்டினார். இரண்டு மணித்தியாலமும் ஒரு கதிரையைப் போட்டு ஜெனரேற்றருக்குப் பக்கத்திலேயே இருந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டு நாளாக அவரோடு மருந்து, சாப்பாடு தவிர வேறு கதை இல்லை. உன்னை நான் ஆஸ்பத்திரித் தாதிமாருக்கு முன்னால் கொலைகாரன் என்று சொன்னேன். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். உன்னில் பிழையில்லை. இந்த வரியை எழுத எனக்கு ஒரு நாள் பிடித்தது.

அக்கா


புரோசார்ட்
13 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை வெயர்ஹவுசில் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தேன். பக்கத்தில் இருந்த பையன் நல்ல செய்தியா என்று கேட்டான். ஓம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில்தான், அந்த ஓமைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தது.

உன்னில் பிழையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே வைத்துக்கொண்டிருக்கலாம். அத்தான் தன்னில் போட்டுக்கொண்டுவிட்டார், நீங்களும் மன்னித்துவிட்டீர்கள், நான் வாயைத் திறக்கத் தேவையில்லை. ஒரு நாள் முழுக்க அப்படித்தான் யோசித்தேன். முடியவில்லை.

அந்த மனிசி எனக்கும் சொன்னா, அக்கா. மே மாதம் நான் படிவத்தோடு போனபோதே சொன்னா. ஏரி வரிசையில் கோடைப் பின்னேரங்களில் கரண்ட் காணாது, கேபிள் மாற்ற இரண்டு வருடமாகும், நேர்மையாகச் சொல்கிறேன் என்றா. படிவத்தில் அதற்கு வரி இல்லை என்று உங்களுக்கு எழுதினேன். அது உண்மை. ஆனால் கடைசிப் பக்கத்தில் ‘வேறு குறிப்பு’ என்று ஒரு பெரிய கட்டம் இருக்கிறது. அன்றைக்கு எனக்கு இன்னும் இரண்டு இடம் பார்க்கக் கிடந்தது. கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு வந்தேன். பிறகு, நீங்கள் எந்த இடம் நல்லது என்று கேட்டபோது, நான்கு நட்சத்திரம், ஏரிக்கரை, அத்தானுக்குப் பிடிக்கும் என்று சொன்னேன். மனிசி சொன்னது அந்த நேரம் எனக்கு நினைவிலேயே வரவில்லை. மறைத்திருந்தால் கூட ஒரு காரணம் சொல்லலாம். நான் மறந்துவிட்டேன்.

நீங்கள் ஏசியபோது நான் தலையைக் குனிந்தது பணிவினால் இல்லை, அப்போதுதான் மனிசி சொன்னது நினைவுக்கு வந்தது. வேலையை விட்டதும் அதனால்தான். அடுத்த படிவத்தின் கடைசிப் பக்கம் வந்தபோது கை ஓடவில்லை.

அத்தானை அதிகம் தண்டிக்காதீர்கள். ஏரியைப் பார்க்க ஆசைப்பட்டுத்தான் அவர் சொல்லாமல் விட்டார். எனக்கு அப்படி ஓர் ஆசையும் இருக்கவில்லை.

பதில் போடாவிட்டாலும் விளங்கும்.

அன்டன்


மத்தான்
17 ஜூலை 2024

தம்பி,

உன் கடிதத்தை நேற்று ஹென்றி கொண்டுவந்து தந்தார். முதலில் எனக்குள் வாசித்தேன். பிறகு வெளியே கொண்டுபோய் அத்தானுக்குச் சத்தமாக வாசித்தேன். ஒரு சொல்லும் விடவில்லை.

அவர் கடிதத்தை வாங்கித் தானும் ஒருதரம் பார்த்தார். பிறகு, “ரெண்டு பேருக்கும் சொல்லியிருக்கிறா, பாவம் அந்த மனிசி. ரெண்டு பேரும் மெர்சி எண்டு தலையாட்டிப்போட்டு வந்திருக்கிறம்” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இயந்திரத்தை மூன்றுக்குக் கூட்ட வேண்டி வந்தது. நான் சிரிக்கவில்லை. அந்த ஏரிக்கரையில் எனக்கு மட்டும்தான் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இரவிரவாக அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். காலையில் எழும்பி இரண்டு பேருக்கும் நல்ல ஏச்சுக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. ஒருவர்தான் பக்கத்தில் இருந்தார். அவருக்குரிய பங்கைக் கொடுத்துவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இங்கிருந்து பெர்சே நானூறு கிலோமீற்றர். வழியெல்லாம் மலையும் வளைவும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் ஓட்டிப் பார்த்தார், விரலில் மாட்டிய கருவி ஒட்சிசன் 84 என்று காட்டியது, தொண்ணூறுக்குக் கீழே போகக்கூடாது. வண்டியைத் திருப்பச் சொன்னேன். மறுபேச்சுப் பேசாமல் திருப்பினார். அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பயமாக இருந்தது, அவர் சண்டை பிடிக்காதது. பின்னேரம் கடலைப் பார்த்தபடி, “அன்டனைக் கேளன்” என்றார். “நீங்களே கேளுங்கோவன்” என்றேன். “எந்த முகத்தோட கேக்கிறது?” என்றார்.

ஆகவே நான் கேட்கிறேன். லீவு தருவார்களா என்று தெரியாது, கேட்டுப் பார். உன் காரை இங்கே விட்டுவிட்டுப் போகலாம், ஹென்றியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பெர்சேயில் எங்கே நிற்பது என்பதை நான் பார்த்துவிட்டேன். எட்டு இடத்துக்கு போன் எடுத்து, ஒரு மனிசியைப் பிடித்தேன். கேபிள் போன வருடம் மாற்றியதாம். நீ ஒன்றும் பார்க்கத் தேவையில்லை, வண்டியை மட்டும் ஓட்டு.

இரண்டு பேரோடும் எனக்குக் கோபம் இன்னும் இருக்கிறது. அது எப்போது போகும் என்று தெரியாது. அது போகட்டும் என்று காத்திருக்க எங்களுக்கு இன்னொரு கோடை இருக்கிறதா என்பதும் தெரியாது.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் வா. மீன் குழம்பு வைப்பேன், மூன்று பேருக்கும்.

அக்கா